ஈ போதாத தோட்டம்

கலாராணியின் கொய்யாத் தோட்டத்தில் தொங்கவிட்ட பொறியில் ஒரு வாரத்துக்குப் பதினோரு ஈக்கள்தான் விழுந்தன. அந்த வருஷம் அவள் பட்ட பாடெல்லாம் அந்தப் பதினொன்றில்தான் ஆரம்பித்தது.

மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் ரயில் பாதையைத் தாண்டி மேலேறும் கொங்கிறீட் பாதையின் இரண்டு பக்கமும் முப்பது நாற்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று கொய்யாவும் மாவும் நிற்கின்றன. கலாராணிக்கு அரை ஏக்கர். கணவன் ஜெயக்காந்தன் த்ரீவீல் ஓட்டப் போய்விடுவான்; தோட்டம் முழுக்க அவள் ஆட்சிதான். காலையில் பல் விளக்கும் முன்பே விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கறுப்புப் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிடுவாள். உள்ளே இருக்கிற புழு வெந்து சாகும். காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பழைய கொப்பித் தாளில் உறை கட்டுவாள். அவள் தோட்டத்துக் கொய்யாவெல்லாம் யாரோ பிள்ளைகளின் வாய்ப்பாட்டைச் சுமந்துகொண்டுதான் பழுத்தன. வேலியோரத்தில் துளசி வாசத்தோடு வளரும் மதுருதலாச் செடியின் இலையைக் கசக்கி, வெற்றுப் போத்தல்களில் போட்டு மரத்துக்கு மரம் தொங்கவிட்டிருந்தாள். ஆண் ஈக்கள் அந்த வாசத்துக்கு மயங்கி உள்ளே போகும். வெளியே வர வழி தெரியாது.

"பாவம், பொண்ணு பாக்கப் போறோம்னு நெனச்சிப் போறானுங்க," என்பான் ஜெயக்காந்தன்.

"பாவம் பாத்தா பழம் மிஞ்சாது," என்பாள் கலாராணி.

ஜூலை மாதத்தில் 'பழ ஈ ஒழிப்பு விசேட வேலைத்திட்டம்' வந்தது. பழத்தை நாசமாக்கும் ஈயை மாவட்டத்தை விட்டே விரட்ட அரசாங்கம் நிதி ஒதுக்கியிருக்கிறது, வருஷ முடிவுக்குள் அதைச் செலவழித்தே ஆகவேண்டும் என்று சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பெனரில் அச்சடித்திருந்த ஈ ஒரு கோழிக்குஞ்சு அளவு இருந்தது. ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேருக்கும் ஈயின் மேல் கடுங்கோபம். பிறகு எல்லோருக்கும் ரோல்ஸும் சோடாவும் கிடைத்தன. ரோல்ஸ் பெட்டியை மொய்த்த ஈக்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவை திட்டத்தில் அடங்காத இனம்.

களப் பொறுப்பாளராக வந்தவன் நிரஞ்சன். மாத்தளை டவுன்காரன், இருபத்தெட்டு வயது, ஒப்பந்த வேலை. வீடு வீடாக மோட்டார் சைக்கிளில் வந்து மஞ்சள் நிறப் பொறி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான். ஒரு வாரம் கழித்து வந்து, பொறியில் விழுந்ததை வெள்ளைத் தாளில் கொட்டி, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினான்.

இருநூற்றைம்பதுக்கு மேல் ஈ இருந்தால் அது சிவப்பு வலயம். நூறுக்கு மேலென்றால் மஞ்சள். அதற்குக் கீழே பச்சை. சிவப்புக்கு மருந்து தெளிக்கும் மெஷின், மரம் மூடும் வலை, அலுமினிய ஏணி, இரண்டு டீ-ஷர்ட். மஞ்சளுக்கு ஒரு டீ-ஷர்ட்டும் துண்டுப் பிரசுரமும். பச்சைக்குப் பாராட்டுக் கடிதம்.

கலாராணியின் தாளில் பதினொன்றை எண்ணி முடித்துவிட்டு நிரஞ்சன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஈ போதாதே."

"போதாதுன்னா? நல்லதுதானே தம்பி?"

"நல்லதுதான். ஆனா ஒண்ணும் குடுக்க ஏலாது. உங்க தோட்டத்துல எத ஒழிக்கிறது?"

"அதத்தான் நானே ஒழிச்சிட்டேனே. நாலு வருஷமா முதுகு ஒடிய ஒழிச்சிருக்கேன். எனக்கு மெஷின் எல்லாம் வேணாம், அந்த ஏணி மட்டும் குடுங்க. உச்சிக் கிளைக்கு உறை கட்ட எட்ட மாட்டேங்குது."

"ஒழிக்கிறதுக்குத்தான் அக்கா செலவுத் தலைப்பு இருக்கு. ஒழிச்சதுக்கு இல்ல," என்றான் நிரஞ்சன். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டான்.

வேலிக்கு அடுத்த பக்கம் பதுர்தீன் நானாவின் தோட்டம். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்து, கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருப்பவர். மரங்களை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று விட்டிருந்தார். விழுந்த பழம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவருடைய பொறியில் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரே கிழமையில் மெஷினும் வலையும் ஏணியும் வந்து இறங்கின. ஏணியை அவர் வீட்டு முன்சுவரில் சாய்த்து வைத்தார். மனைவி கைறுன்னிஸா அதில் துணி காயப்போட்டாள். கலாராணி ஒவ்வொரு நாளும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, பெட்டிமேல் ஏறி நின்று உறை கட்டிக்கொண்டே அந்த ஏணியைப் பார்த்தாள்.

அதோடு முடிந்திருந்தால் அவளும் பொறுத்துப் போயிருப்பாள். ஆகஸ்டில் இன்னொரு செய்தி வந்தது. முதல் சுற்றில் விடுபட்டவர்களுக்கும், இன்னும் சிவப்பிலேயே இருப்பவர்களுக்கும் மேலதிக நிதி வருகிறதாம். செப்டெம்பர் கடைசியில் மறுபடி எண்ணுவார்களாம்.

அன்றிலிருந்து அந்தப் பாதையில் ஒருவரும் விழுந்த பழத்தைக் குனிந்து எடுக்கவில்லை.

முதலில் சும்மா விட்டார்கள். பிறகு விட்டது போதாதென்று தோன்றியது. பச்சைக் கடிதம் கிடைத்த இரண்டு மூன்று வீட்டார் மரத்தை உலுக்கிப் பழத்தை விழுத்தினார்கள். மஞ்சள் வீட்டார் சிவப்பாக ஆசைப்பட்டு, அழுகிய மாம்பழத்தை விலைக்கு வாங்கி வந்து மரத்தடியில் பரப்பினார்கள். சிவப்பு வீட்டார் இருக்கிற நிறத்தைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள். ஒருவர் ஈக்களுக்கு வெயில் படாமல் இருக்கட்டும் என்று பழக்குவியலின் மேல் வாழைமட்டை போட்டு மூடினார். பாதையில் நடந்தால் கள்ளுக்கடைக்குள் நுழைந்தது போல் வாடை அடித்தது. அத்தனை வருஷம் எவ்வளவு உரம் போட்டும் வராத விளைச்சல், ஈயில் வந்தது.

ஜெயக்காந்தனும் ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"கலா, நாமளும் ஒரு மாசம் கொஞ்சம் ஈ வளத்தா என்ன? ஏணி கெடைக்கும்ல?"

"வளத்துட்டு?"

"அப்பறம் அவங்க குடுத்த மெஷினால அடிச்சிருவோம்."

அவள் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் ரசத்தைக் குடிக்க ஆரம்பித்தான். பேச்சு அதோடு நின்றது.

பேச்சுதான் நின்றது. ஒரு வாரம் கழித்து, கோவிலுக்குப் போகலாமென்று த்ரீவீலின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், தன் சேலையில் ஏதோ நெளிவதைக் கண்டாள். வெள்ளைப் புழு. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் இன்னும் பத்து. மாத்தளை மார்க்கெட்டின் பின்பக்கத்திலிருந்து அழுகிய மாம்பழ மூட்டைகளை ஏற்றி வந்து அந்தப் பாதை வீடுகளுக்கெல்லாம் இறக்கியது வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான்.

"இறங்குங்க," என்றாள்.

"இது வாடக கலா. யாரு கூப்பிட்டாலும் போறதுதானே நம்ம தொழிலு? நான் ஏத்தலைன்னா இன்னொருத்தன் ஏத்துவான்."

"நான் கட்டின உறைய அவுக்கிறதுக்குப் புழுவக் கொண்டாந்து எறக்கியிருக்கீங்க. அது உங்களுக்கு வாடக."

அன்றைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவன் மதியம் வரை சீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஈக்கு வேலி தெரியாது. செப்டெம்பர் நடுவில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து கொப்பித் தாள் உறைகள் ஊறிக் கிழிந்தன. சுற்றிலும் பெருகியிருந்த ஈக்கூட்டத்துக்கு அந்த இரண்டு நாள் போதும். மாத்தளையில் அவளிடம் பழம் எடுக்கும் மொத்த வியாபாரி ஸியாம், நான்கு பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு போன் எடுத்தான்.

"அக்கா, கோவிக்க வாணாம். சீகிரியப் பக்கத்து ஹோட்டல்ல ஒரு வெள்ளக்காரி பழத்த வெட்டிட்டுக் கத்தியிருக்கா. ஒங்கட பழம் எண்டு நான் பாக்காமலே அனுப்பினேன். இனி பாத்துத்தான் எடுக்க வேண்டிவரும்."

நாலு வருஷமாக அவள் பழத்தைப் பார்க்காமலே எடுத்தவன் அவன். அந்த ஒரு சொல்தான் அவளைக் குத்தியது. பெட்டிகளை முற்றத்தில் கொட்டி, புழு விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கறுப்புப் பையில் கட்டினாள். பிறகு எழுந்து நேரே பதுர்தீன் நானாவின் வீட்டுக்குப் போனாள்.

"நானா, இந்தக் கொய்யாவ ஒரு தடவ அள்ளிப் போடுங்க. நான் வேணும்னாலும் வந்து அள்ளுறேன்."

பதுர்தீன் நானா நல்ல மனிதர். கேட்டால் மறுக்கத் தெரியாதவர். நெளிந்தார்.

"தங்கச்சி, இன்னம் பத்து நாள்தான் மிச்சம். எண்ணிட்டுப் போனதும் நானே அள்ளுறன். இப்ப அள்ளினா நான் மஞ்சளுக்கு எறங்கிருவன். ரெண்டாவது வல வராது."

"மொதல் வலையவே நீங்க இன்னும் விரிக்கலையே!"

"வலைய விரிச்சா ஈ எப்பிடி வாற?"

உள்ளேயிருந்து கைறுன்னிஸாவின் குரல் வந்தது. "ஈயோட குடும்பம் நடத்துற மனிசன். அள்ளுங்க, அள்ளிக் கொள்ளுங்க, எனக்கு இந்த நாத்தத்தில சமைக்க ஏலாது!" ஆனால் வீட்டுக்காரர் அசையவில்லை. கலாராணி வெறுங்கையோடு திரும்பினாள்.

செப்டெம்பர் கடைசியில் நிரஞ்சன் எண்ண வந்தான். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை நாலு நாள் எடுத்தது. பதுர்தீன் நானாவின் பொறியில் ஆயிரத்து நானூறு. வாழைமட்டை போட்டவரின் பொறி அதற்கு மேல் ஈ கொள்ளாமல் அடைத்துக்கொண்டது. பாதை முழுக்கச் சிவப்பு. கலாராணியின் தோட்டத்தில் மட்டும், மழையையும் மீறி, எழுபத்திரண்டு. அவள் பச்சைதான். இந்த முறை நிரஞ்சன் அவளிடம் கடிதத்தை நீட்டக்கூடக் கூச்சப்பட்டுத் திண்டாடினான்.

"தம்பி, நெஜத்த சொல்லுங்க. இவங்க ஈ வளக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அக்கா. எழுதி அனுப்பினேன். 'இதற்கெனப் படிவத்தில் இடமில்லை'ன்னு பதில் வந்துச்சு."

கொழும்பில் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. இவ்வளவு பெரிய ஆபத்தை உரிய நேரத்தில் கண்டுபிடித்ததற்காக மாவட்ட அலுவலகத்துக்குப் பாராட்டும், இன்னும் கொஞ்சம் நிதியும் வந்தன. மற்ற எல்லா வீட்டுச் சுவரிலும் ஏணி சாய்ந்தது. நவம்பர் கடைசியில் திட்டப் பணிப்பாளரே நேரில் வந்து பலனைப் பார்ப்பாரென்று அறிவித்தார்கள். பத்திரிகைக்காரர்களும் வருவார்களாம்.

பலன் என்றதும் நிரஞ்சனுக்கு வியர்த்தது. அந்தப் பாதையில் எந்தப் பழத்தைப் பிளந்தாலும் புழு. பணிப்பாளரைக் கூட்டிப் போய்க் காட்ட ஒரே ஒரு தோட்டம்தான் இருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் அவன் கலாராணியின் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உறை கட்டிய கையோடு வந்தாள்.

"அக்கா, உங்க தோட்டத்துலதான் வைபவம் வைக்கணும்."

"என் தோட்டம் திட்டத்துல இல்லையே தம்பி."

"அதான் அக்கா பிரச்சின. திட்டத்துல இருக்கிற ஒரு தோட்டத்தையும் காட்ட ஏலாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஜெயக்காந்தன் உள்ளேயிருந்து, "ஏணி கேளு, ஏணி கேளு" என்று சைகை காட்டினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வைங்க. ஆனா அதுக்கு முன்னாடி இந்தப் பாதையில கெடக்கிற அழுகல் பழம் பூராவையும் ரெண்டடி ஆழத்துல பொதைக்கணும். ஒரு தோட்டம் விடாம."

"அக்கா, பழம் பொதைக்கிறதுக்குத் தலைப்பே இல்ல. மெஷினுக்கு இருக்கு, வலைக்கு இருக்கு, பயிற்சிக்கு இருக்கு..."

"வைபவத்துக்கு இருக்கா?"

"வைபவத்துக்கு நெறைய இருக்கு."

"அப்ப வைபவத்துல போடுங்க. பெரியவர் வர்ற பாத நாறக்கூடாதுல்ல?"

நிரஞ்சன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல் விட்டுத் தலைப்புகளை எண்ணினான். முகம் மெல்லத் தெளிந்தது. "அதிதிகள் வரும் வழியை அழகுபடுத்தல்," என்று முணுமுணுத்தான். "அந்தத் தலைப்புல இன்னும் ஒரு சதமும் செலவாகல."

அடுத்த சனிக்கிழமை பெக்கோ மெஷின் ஒன்று கொங்கிறீட் பாதையில் ஏறி வந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் குழி தோண்டியது. சனங்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இனி எண்ணிக்கை இல்லை, வைபவம்தான் என்று தெரிந்ததும் மண்வெட்டியோடு வந்தார்கள். மதியம் கோழிக்கறியோடு சோத்துப் பார்சல் என்று தெரிந்ததும் வராதவர்களும் வந்தார்கள். கைறுன்னிஸா தன் வீட்டுக் கூடைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டாள். பதுர்தீன் நானா தன் கையாலேயே அள்ளினார். மூன்றாவது கூடையை வேலியோரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, கலாராணியைப் பார்க்காமல், "தங்கச்சி, பெரிய தப்புத்தான் நடந்த," என்றார். அவள் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். அழுகல் சாறு இருவர் கையிலும் வழிந்தது.

ஜெயக்காந்தன் த்ரீவீலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியதையெல்லாம் திரும்ப ஏற்றிக் குழியில் இறக்கினான். இந்த முறை வாடகை கேட்கவில்லை. சாயந்தரம் கலாராணி அவனுக்கு முதலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படி.

வைபவ நாளில் அவள் தோட்டத்தில் கூடாரம் அடித்தார்கள். கொய்யா மரத்தில் பலூன் கட்டினார்கள். 'திட்டத்தின் வெற்றித் தோட்டம்' என்று பலகை நட்டார்கள். குழிகள் மூடி மூன்று கிழமையாகியிருந்தது. பாதையில் ஈ கண்ணில் படுவதே அபூர்வம். பணிப்பாளர் கொழும்புச் சப்பாத்தோடு கவனமாக நடந்து வந்தார். நரைத்த தலை, மரியாதையான ஆள், சிங்களம் பேசுபவர். கலாராணி முன்பு நாலு வருஷம் சிங்களப் பாடசாலைக்குப் பக்கத்துக் கடையில் வேலை செய்தவள். தடுமாறாமல் சிங்களம் பேசுவாள். அவர் ஒரு உறையைப் பிரித்து, பழத்தைப் பார்த்து, கமராக்கள் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"ஈ எப்படி அம்மா போனது?"

நிரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டான். பொய் சொல்லமாட்டேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். விழுந்ததைப் பொறுக்குவது, பையில் கட்டி வெயிலில் வைப்பது, உறை, மதுருதலாப் போத்தல், கடைசியாகப் பெக்கோ தோண்டிய குழிகள். பணிப்பாளர் இடையில் பேசாமல் கேட்டார்.

"இதற்கெல்லாம் என்ன செலவாகும்?"

"போத்தல் குப்பையில கெடக்கு, தாள் பழைய கொப்பி, இலை வேலியில இருக்கு. குனியிறதுக்கு முதுகு வேணும், அவ்வளவுதான் சேர்."

பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டார். பணிப்பாளர் பழத்தைக் கையில் வைத்தபடியே அவளை இரண்டு மரம் தள்ளிக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. நான் ஒரு விவசாயி மகன், எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு மலிவாகச் சொல்லாதீர்கள். அடுத்த வருஷம் திறைசேரியில் போய் நின்று நான் எதைக் கேட்பது?"

அவருடைய முகத்தைப் பார்த்தபோது கலாராணிக்குக் கோபம் வரவில்லை. இவரும் ஒரு மஞ்சள் பொறிக்குள் வந்து வெளியே போகத் தெரியாமல் நிற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"பெக்கோ கேளுங்க சேர்," என்றாள். "அது ஒண்ணுதான் எங்களால ஏலாதது. அதோட ஒரு ஏணி. பச்சைக்கும் குடுக்கலாம்னு எழுதி வாங்குங்க."

அவர் சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். மறு வாரம் வெளியான அறிக்கையில் அந்தக் குழிகளுக்கு 'நிலத்தடிப் புழு முகாமைத்துவ அலகுகள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவற்றின் எண்ணிக்கை முப்பத்தெட்டு என்று சரியாகவே போட்டிருந்தார்கள். கலாராணியின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது.

ஏணி வரவில்லை. கூடாரம் கழற்றிய அன்று பதுர்தீன் நானா தன்னுடைய இரண்டு ஏணிகளில் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து அவள் மாமரத்தில் சாய்த்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் மறுபடி எண்ணினார்கள். பதினைந்து, இருபது, ஒன்பது. பாதை முழுக்கப் பச்சை. உக்குவளையில் இனி வேலை இல்லையென்று திட்டத்தைச் சுருட்டிக்கொண்டார்கள். நிரஞ்சனின் ஒப்பந்தத்தையும் நீட்டவில்லை. அவன் விடைபெற வந்தபோது கலாராணி ஸியாமுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸியாம் மறுபடியும் பார்க்காமலே எடுக்க ஆரம்பித்திருந்தான்.

"என்னால உங்க வேல போச்சே தம்பி," என்றாள் அவள். மெய்யாகவே மனம் கஷ்டப்பட்டது.

"இல்ல அக்கா, கலேவெலயில ஒண்ணு கெடைச்சிருக்கு. தென்னையில வெள்ள ஈ ஒழிப்புத் திட்டம்."

"அங்க நெறைய இருக்குதா?"

"இருக்குன்னுதான் எல்லாரும் நம்பிக்கையா இருக்காங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பெட்டியிலிருந்து நல்லதாக ஒரு கொய்யாவை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் பிளந்து, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே உற்றுப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று சதை, வேறெதுவும் இல்லை. ஒரு கணம் எதையோ எதிர்பார்த்து ஏமாந்தவனைப் போல அவன் முகம் மாறியது. பிறகு கடித்துச் சாப்பிட்டான்.